நாய்க்குட்டியின் பொய்க்கடி: எப்போது, யாரை, எதற்காக என்று பார்த்துச் சரிசெய்வது

மாலை ஏழு மணி. மகள் கட்டிலின்மேல் ஏறி நிற்கிறாள். அத்தை நாற்காலியில் இரண்டு கால்களையும் மடக்கி வைத்துக்கொண்டு, "இதை யார் வீட்டுக்குள் விட்டது?" என்று கேட்கிறார். கணவர் கையில் சுருட்டிய செய்தித்தாள். என் நைட்டியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஒன்பது வாரக் குட்டி ஒன்று, நான் அடுக்களைக்கு நடக்க நடக்க, மொசைக் தரையில் வழுக்கியபடியே கூட வருகிறது. நாட்டு நாய். வால் சுருண்டிருந்ததால் முறுக்கு என்று பெயர் வைத்தோம். ஆனால் முதல் இரண்டு வாரம் தன் பெயர் 'ஐயோ' என்றுதான் அது நினைத்திருக்க வேண்டும்.

வைத்தியம் சொல்லாத ஆளில்லை. மூக்கில் சுண்டு என்றார் எதிர்வீட்டுக்காரர். வாயைப் பொத்திப் பிடி, கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளு, கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொள் என்று ஆளுக்கு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. குட்டி எதற்காகக் கடிக்கிறது என்ற கேள்வியே அவற்றில் இல்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றுவதால் கடிக்கும் குட்டிக்கும், ஈறு தினவெடுத்துக் கடிக்கும் குட்டிக்கும், ஓடுகிற காலைப் பார்த்ததும் துரத்திக் கடிக்கும் குட்டிக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

அதனால் முதலில் மூன்று நாள் எதையும் திருத்தாதீர்கள். குறித்து மட்டும் வையுங்கள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: எத்தனை மணிக்கு, யாரை, உடம்பில் எங்கே, அதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது. எங்கள் தாள்களைப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட கடிகள் மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் விழுந்திருந்தன. கணவரை எப்போதும் கையில், என்னைத் துணியில், மகளை ஓடும்போது. "நாள் முழுக்கக் கடிக்கிறது" என்று நாங்கள் புலம்பியது உண்மையில்லை. தாளில் உங்களுக்கு எது தெரிகிறதோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சங்கதி. குட்டிக்குப் பால்பல் 28. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து முளைக்கும் இவை ஊசி முனை போன்றவை. தாடையில் வலு இல்லாத வயதில் பல்லாவது கூராக இருப்பதில் ஒரு பயன் உண்டு. மெல்லக் கடித்தாலும் கூடப்பிறந்த குட்டிக்கு வலிக்கும், அது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவைக் குட்டி இப்படித்தான் படிக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஊரில் நடப்பது வேறு. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வந்த குட்டிக்குத் தாயும் உடன்பிறப்பும் முடிக்காமல் விட்ட பாடத்தை நாம்தான் முடிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

"பல் பட்டுக் கீறிவிட்டது"

மற்ற எதையும் படிக்கும் முன் இதைப் படியுங்கள். குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாத வயதில்தான் போடுவார்கள். அதற்கு முன் விளையாட்டாகக் கடித்தாலும், கடித்தது ஊசி போடாத நாய்தான். தாய்க்கு ஊசி போட்டிருந்ததா, தெருவில் வேறெந்த நாயாவது குட்டியைக் கடித்ததா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருக்காது.

கீறல் பட்ட இடத்தைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்; 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். கட்டும் போட வேண்டாம். பிறகு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இரத்தம் வராத மேற்கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. இரத்தம் வந்திருந்தால் கடிவாயிலேயே இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். எது தேவை என்பதை அவர் முடிவு செய்யட்டும், "குட்டிதானே" என்று நாம் முடிவு செய்ய வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று கையில் தோலுக்குள் போடுகிறார்கள், காசு கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது வழக்கொழிந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அந்தப் பயத்தில் இன்னும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மறைப்பவர்களில் முதலிடம் பிள்ளைகளுக்கு. எங்கள் மகள் முழங்கைக்குக் கீழே இருந்த கீறலை இரண்டு நாள் முழுக்கைச் சட்டைக்குள் வைத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும்போதுதான் கண்ணில் பட்டது. "சொன்னால் முறுக்கைக் கொண்டுபோய் விட்டுவிடுவீர்கள்" என்று அழுதாள். நான்கு ஊசியும் போட்டுக்கொண்டாள். ஆகவே குட்டி வந்த அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: பல் பட்டால் உடனே சொல், யாரையும் எங்கேயும் அனுப்ப மாட்டோம்.

"கொஞ்சப் போனால் கையைக் கவ்வுகிறது"

தாளில் 'கை' என்று மிகுதியாக இருந்தால், வீட்டில் யாரோ கையையே பொம்மையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கணவர். காலையில் செய்தித்தாளோடு தரையில் உட்கார்ந்து, ஐந்து விரலையும் சிலந்திபோல் விரித்துக் குட்டியின் முகத்தருகே ஆட்டுவார். அது பாயும், இவர் கையை இழுப்பார், மறுபடி பாயும். அரை மணி நேரம் இருவருக்கும் ஆனந்தம். பத்து மணிக்கு அதே குட்டி அத்தையின் கையைக் கவ்வினால் 'சனியன்' என்று பெயர். எந்தக் கை விளையாட்டுக் கை, எந்தக் கை மாத்திரை எடுக்கப் போகும் கை என்று அதற்கு எப்படித் தெரியும்?

பல் தோலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுபடும் கை தப்பி ஓடும் எலியைப்போல. அதை விடக் கூடாது என்றுதான் குட்டியின் உடம்பு சொல்லும். கையைத் துவளவிடுங்கள், செத்த மீன்போல. சுவாரசியம் போய்க் கையை விட்டுவிடும். விட்டதும் எழுந்து, பேசாமல், முகத்தைப் பார்க்காமல் அறையைவிட்டு வெளியே போங்கள். வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே ஒரு பலகை வைத்திருந்தால் அதைத் தாண்டி நின்றுகொள்ளலாம். இருபது எண்ணும் வரை போதும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்து விளையாட்டைத் தொடருங்கள். ஐந்து நிமிடம் விலக்கி வைத்தால் குட்டி தான் என்ன செய்தோம் என்பதையே மறந்து வேறு எதையாவது கடிக்கப் போய்விடும். இருபது நொடி, ஆனால் ஒவ்வொரு முறையும். முதல் நாள் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் எனக்கு முழங்கால் வலித்தது.

இதோடு மாற்றுப் பொருள் ஒன்றும் வேண்டும். கிழிந்த பருத்தி வேட்டியை மூன்று பிரியாகப் பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கயிறு செய்தோம். நீளம் முக்கியம். கடையில் விற்கும் சின்ன ரப்பர் பந்தைக் கையில் பிடித்தால் குட்டியின் பல்லுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே அரை அங்குலம்கூட இருக்காது.

மென்மையான வாயைப் பழக்க ஒரு பயிற்சி. வேகவைத்த முட்டைத் துண்டை மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். நக்கும், மோந்து பார்க்கும், பல்லால் கொறிக்கும். பல் பட்டுக்கொண்டிருக்கும் வரை கை திறக்காது. அலுத்து, முகத்தைப் பின்னால் எடுத்த நொடியில் கையைத் திறந்து கொடுங்கள். மூன்றாம் நாள் முறுக்கு மூடிய கையைப் பார்த்ததும் தானாகவே உட்கார்ந்து காத்திருந்தது. உட்காரச் சொல்லி யாரும் கற்றுத்தரவில்லை.

"புடவையையும் கணுக்காலையும் விடுவதில்லை"

நம் வீட்டு உடைகளில் ஆடாத ஓரம் எது? முந்தானை, பாவாடை, நைட்டி, வேட்டி எல்லாமே தரையிலிருந்து சரியாகக் குட்டியின் மூக்கு உயரத்தில் அசைகின்றன. போதாததற்குக் கொலுசு வேறு. துடைப்பமும் தரை துடைக்கும் துணியும் அதன் கணக்கில் இன்னும் பெரிய விருந்து. ஜெர்மன் ஷெப்பர்டு போல மந்தை மேய்த்த வம்சத்துக் குட்டிகளுக்குக் கணுக்காலைக் கவ்வுவது இரத்தத்திலேயே உண்டு. ஆனால் எங்கள் நாட்டுக் குட்டியும் குறை வைக்கவில்லை.

துணியைக் கவ்வியதும் நின்றுவிடுங்கள். காலை உதறுவதும் துணியை இழுப்பதும் கயிறிழுக்கும் போட்டியை நீங்களே தொடங்கி வைப்பதாகும். தூண்போல நின்றால் சில நொடிகளில் விட்டுவிடும். விட்டதும் அந்த வேட்டிக் கயிற்றைத் தரையோடு இழுத்தபடி நடங்கள். துரத்தும் ஆசையை அடக்க முடியாது; வேறு பக்கம் திருப்பலாம். நான் ஒரு வாரம் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்தேன். கடிக்காமல் நாலடி கூட வந்தால் உடனே ஒரு துண்டு முட்டை தரையில் விழும். பெருக்குவதும் துடைப்பதும் குட்டி தூங்கும் நேரத்துக்கு மாறின.

வயதானவர்களுக்கு இந்த 'நின்றுவிடுங்கள்' ஒத்துவராது. அத்தைக்குச் சர்க்கரை நோய். காலில் சின்னக் கீறல் பட்டாலும் ஆற வாரக்கணக்காகும். நின்றால் தடுமாறுவார், வேகமாக நடந்தால் விழுவார். அவரைப் பயிற்சியாளராக்குவது நியாயமில்லை. அவர் பூசையறைக்குப் போகும் நேரம், குளிக்கப் போகும் நேரம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். அப்போது குட்டி பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும். குட்டிக்குப் புத்தி வரும் வரை பலகைதான் புத்தி. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடி குட்டிக்குத் துண்டு துண்டாக இட்லியைப் போடுவது மட்டும் அத்தையின் வேலை. ஒரு மாதத்தில் அவர் காலடியில்தான் அது தூங்கியது. "சனிய"னும் "தங்கம்" ஆனது.

"விளக்கு வைக்கும் நேரம் ஆனால் பேய் பிடித்ததுபோல் ஆகிறது"

எங்கள் வீட்டின் உண்மையான வியாதி இதுதான். கண்டுபிடிக்க மூன்று நாள் தாள் தேவைப்பட்டது.

குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். 20 மணி நேரம் தூங்கினாலும் வியப்பதற்கில்லை. முறுக்குக்கு எங்கே தூக்கம்? காலையில் பால்காரர், பள்ளி வேன், குக்கர் விசில். பகலில் குட்டியைப் பார்க்க வரும் அக்கம்பக்கம். மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் மகளும் அவளுடைய மூன்று தோழிகளும். கண் சொருகும்போதெல்லாம் யாராவது தூக்கிக் கொஞ்சினார்கள். தூக்கம் கெட்ட கைக்குழந்தை எப்படிச் சிணுங்கி அழுது கையைக் காலை உதறுமோ, குட்டியும் அப்படியே. அதன் சிணுங்கலில் பல் இருக்கிறது.

அறிகுறி தெளிவானது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடும். கூப்பிட்டால் காதில் விழாது. முட்டையை நீட்டினால் முட்டையோடு விரலையும் கடிக்கும். கயிற்றைக் கொடுத்தால் ஒரு நொடி கவ்விவிட்டு மறுபடி காலுக்கு வரும். இந்த நிலையில் பாடம் எதுவும் ஏறாது. எழுந்து போய் இருபது எண்ணுவதும் வீண்.

முதலில் வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்க விடுங்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு இருட்டான, காற்றோட்டமான மூலையில் விடுங்கள். எங்களுக்கு மாடிப்படியின் அடியில் இருந்த இடம் அமைந்தது: பழைய கோணிச் சாக்கு, மேலே என் பழைய புடவை, குறுக்கே பலகை, மெல்லக் கடிக்க ஒரு கேரட். திட்ட வேண்டாம், இது தண்டனை இல்லை, தாலாட்டு. இரண்டு நிமிடம் முனகும். ஐந்தாவது நிமிடம் குறட்டை.

நிரந்தரத் தீர்வு பகலில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழிப்பு, அதன்பின் இரண்டு மணி நேரம் உறக்கம் என்று நாளைப் பிரித்தோம். பள்ளி விட்டு வந்ததும் குட்டியை எழுப்பக் கூடாது என்பதுதான் மகளுக்குக் கஷ்டமான விதி. "தூங்கும் முறுக்கைத் தொட்டால் மறுநாள் விளையாட்டு இல்லை" என்று அவளே ஒரு அட்டையில் எழுதி மாடிப்படியில் ஒட்டினாள். அதைத் தோழிகளும் மதித்தார்கள், கணவர்தான் இரண்டு முறை மீறினார்.

மாறாக, நாள் முழுக்கக் கட்டிப்போட்டிருந்துவிட்டு மாலையில் அவிழ்த்துவிட்டாலும் இதே ஆட்டம் ஆடும். அது களைப்பில்லை, அடைத்து வைத்த தெம்பு. நம் வெயிலில் பகலில் வெளியே விட முடியாது. தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியைத் தெருவில் நடக்க விடுவதும் ஆபத்து, பார்வோ எனும் வைரஸ் கழிச்சல் நோய் மண்ணில் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே மூக்குக்கு வேலை கொடுங்கள். ஒரு பழைய துண்டில் சோற்றுப் பருக்கையும் கோழித் துண்டும் தூவிச் சுருட்டிப் போட்டால், அதைப் பிரித்துத் தின்னக் கால் மணி நேரம் ஆகும். நன்றாகக் களைத்துப் போகும்.

"எங்களை விட்டுவிடுகிறது, பிள்ளையைத்தான் கடிக்கிறது"

பிள்ளை ஓடும், கீச்சென்று கத்தும், கையை வீசும், தரையில் விழும். குட்டியின் கண்ணுக்கு இது இன்னொரு குட்டி. மேலும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும், படிக்கும் வீடுகளில் பிள்ளையின் முகமும் குட்டியின் வாயும் ஒரே உயரம்.

மகளுக்கு 'மர விளையாட்டு' சொல்லிக்கொடுத்தோம். குட்டி பாய்ந்தால் மரமாகிவிட வேண்டும்: கால் சேர்த்து, கையை மார்பில் கட்டி, உத்தரத்தைப் பார்த்து, வாய் மூடி. மரத்தைக் கடிப்பதில் சுவையில்லை. இதைக் குட்டியை வைத்துக்கொண்டு பழக்கக் கூடாது. முதலில் குட்டி இல்லாமல், கணவர் நாயாகத் தவழ்ந்து வந்து பாய, அவள் மரமாக நின்று பழகினாள். சிரித்துச் சிரித்துத் தோற்றாள், பிறகு தேறினாள். நிஜக் குட்டி வந்தபோது கால் தானாகவே நின்றது.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சரி. ஐந்து வயதுக்குக் கீழே மரமும் கிடையாது, செடியும் கிடையாது. சொன்னதை அரை நிமிடத்தில் மறந்து ஓடும். அந்த வயதில் பொறுப்பு முழுக்கப் பெரியவர்களுடையது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடக் கூடாது. 'ஒரு நிமிடம்தானே, பால் பொங்குகிறது' என்பதும் இதில் அடக்கம். பால் பொங்கினால் குட்டியையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

"அடித்தும் பார்த்தோம், கத்தியும் பார்த்தோம், கூடித்தான் விட்டது"

கடித்ததும் குட்டியைப்போல் கீச்சென்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு நின்றுவிடும். சில குட்டிகளுக்கு அது அமுக்கினால் கத்தும் பொம்மை. மறுபடி அமுக்கிப் பார்க்கும். இரண்டு நாள் முயன்று பாருங்கள். உங்கள் குட்டி இரண்டாம் வகை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே வைத்தியம்.

அடி விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மூக்கில் சுண்டினால் சில குட்டிகள் அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு வேகமாகத் திருப்பிக் கடிக்கும். மற்றவை பயந்து, நீளும் கையைக் கண்டாலே சுருங்கும். சுருங்கும் நாய் வளர்ந்தபின் கழுத்துப்பட்டை மாட்டப் போகும் கையையும், மருத்துவரின் கையையும், தலையைத் தடவ வரும் விருந்தாளியின் கையையும் அடிக்க வரும் கையாகத்தான் பார்க்கும். அப்போது வாயில் இருப்பது பால்பல் இல்லை.

சரியாகவே செய்தும் மூன்றாவது நான்காவது நாளில் கடி கூடினால் அது வேறு. இதுவரை கவ்வினால் ஆட்டம் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை; சரி, இன்னும் அழுத்திக் கவ்விப் பார்ப்போம் என்று குட்டி முயல்கிறது. திறக்காத கதவை நாமும் இரண்டாம் முறை ஓங்கித் தட்டுவதில்லையா? அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இரங்கி விளையாடிவிட்டால், ஓங்கித் தட்டினால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் 'போதும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். அதற்கு முன் ஒருவர் 'சீ', ஒருவர் 'ஏய்', அத்தை 'முருகா'.

"நாற்காலிக் கால், செருப்பு, கதவு எதுவும் மிச்சமில்லை"

நான்கு மாதத்தை ஒட்டித் தொடங்கினால் பல் மாறுகிறது. 28 பால்பல் விழுந்து 42 நிலைப்பல் முளைத்து முடியும்போது குட்டிக்கு ஆறேழு மாத வயதாகிவிடும். பொம்மையில் பொட்டுப் பொட்டாக இரத்தம் தெரியும், பயப்பட வேண்டாம். விழுந்த பற்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எங்களுக்குக் கால்மிதியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. உடைந்த பச்சரிசி என்று நினைத்துக் கூட்டித் தள்ள இருந்தேன்.

ஈறுக்குக் குளிர்ச்சி வேண்டும். பருத்தித் துண்டை நனைத்து முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியின் உறைபெட்டியில் இரவு வைத்துக் காலையில் கொடுங்கள். உறைந்த கேரட்டும் நல்லது. குழம்பில் வெந்த கோழி எலும்பு வேண்டாம், ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் மட்டை நாரும் வேண்டாம், வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைக்கும். பழைய செருப்பு ஒன்றைத் தானம் செய்வது புதிய செருப்புகளுக்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் அனுமதிச் சீட்டு.

இந்த வாரங்களில் தரையோடு இருக்கும் செல்பேசி மின்கம்பிகளை மேலேற்றுங்கள். அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். பூசைக்கு வளர்க்கும் அரளியை மறக்காதீர்கள். இலை, தண்டு எல்லாமே நாய்க்கு நஞ்சு, இதயத்தைத் தாக்கும். நாங்கள் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டோம்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் புதிய கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் பழையது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எடுக்க வேண்டியிருக்கும்.

"தூக்கினால், பட்டை மாட்டினால் மட்டும் கடிக்கிறது"

இது விளையாட்டில்லை, 'பிடிக்கவில்லை' என்கிறது. பட்டையைக் காட்டு, ஒரு துண்டு கொடு. கழுத்தில் தொடு, ஒரு துண்டு. மாட்டு, ஒரு துண்டு. ஒரு வாரத்தில் பட்டையைக் கண்டால் கழுத்தை நீட்டும். நேற்றுவரை சும்மா இருந்த குட்டி இன்று தொட்டதும் திரும்பிக் கடித்தால் வலி இருக்கிறதா பாருங்கள். காதுக்குள் சீழ், கால்விரல் இடுக்கில் உண்ணி இரண்டும் நம் ஊரில் மிகச் சாதாரணம்.

"சோற்றுத் தட்டருகே போனால் உறுமுகிறது"

விளையாட்டுக் கடியில் உடம்பு குழையும். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும், வால் மட்டுமில்லாமல் இடுப்பே ஆடும், உறுமினாலும் துள்ளிக்கொண்டே உறுமும். தட்டருகே வரும் உறுமல் அப்படி இல்லை. உடம்பு விறைக்கும், வாய் அசையாமல் நிற்கும், வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். இதை வேறு கணக்கில் எழுதுங்கள்.

தட்டில் கையை விட்டுக் கலக்கினால் பழகிவிடும் என்பார்கள். உங்கள் இலையில் யாராவது தினமும் கைவிட்டால் நீங்கள் பழகுவீர்களா? தட்டைப் பிடுங்கவும் வேண்டாம், உறுமலுக்கு அடிக்கவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை நிறுத்தினால் எச்சரிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும். நாலடி தூரத்திலிருந்து தட்டைவிட ருசியான ஒன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டுப் போய்விடுங்கள். மனிதர் அருகில் வந்தால் சோறு குறையாது, கூடும் என்று தெரிய வேண்டும். பிள்ளைகளை அந்த நேரத்தில் அந்தப் பக்கமே விடாதீர்கள். இரண்டு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, விறைப்போடு ஒருமுறை அழுத்திக் கடித்துவிட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டி, அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் யாரென்று கேளுங்கள்.

"குறைந்திருந்தது, திடீரென்று மறுபடி ஆரம்பித்துவிட்டது"

நான்கு மாதம் என்றால் பல். தூக்கம் கெட்டிருந்தால் தூக்கம். இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று பாருங்கள்.

எங்களுக்குப் பொங்கல் விடுமுறையில் கொழுந்தனார் வந்தார். நாய் என்றால் உயிர். "குட்டி கடிக்காமல் நாமா கடிப்போம், விடுங்கள் அண்ணி" என்று முழங்கை வரை வாய்க்குள் கொடுத்துவிட்டு, நான்கு நாளில் ஊருக்குப் போனார். நாங்கள் மறுபடி இருபது எண்ணத் தொடங்கினோம். சொல்லித் திருந்தும் வயதில் அவர் இல்லை. இப்போதெல்லாம் அவர் உள்ளே நுழையும்போதே ஒரு கையில் காப்பி டம்ளரையும் இன்னொரு கையில் வேட்டிக் கயிற்றையும் கொடுத்துவிடுகிறோம்.